திருப்பி அடித்த புல்லட்

போன மாதம் அப்பாவின் புல்லட் என் காலைத் திருப்பி அடித்தது. கிக்கரை மிதித்த கணத்தில் அது எதிர்த்திசையில் எகிறியது; கணுக்கால் மூன்று நாள் வீங்கிக் கிடந்தது. 1984-இல் வாங்கிய 350 சிசி வண்டி. வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர். விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. எனக்கு மனம் வரவில்லை.

பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு வெகு முன்னதாகவே பிளக் பொறி விட்டால், எரியும் வாயு பிஸ்டனை வந்த வழியே தள்ளிவிடும். கிக்கர் திருப்பி அடிப்பது அதனால்தான். எனவே டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, சரிசெய்தால் போதும் என்று நம்பி, முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தை ஆளும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன்.

உள்ளே இருக்கும் பாயிண்ட், சுழலும் கேம் தள்ளும்போது திறந்து பொறியை உண்டாக்கும் சிறு சுவிட்ச். அது இருந்த நிலையைப் பார்த்ததும் வருத்தமாக இருந்தது. ஒரு முனையில் குழி, எதிர்முனையில் அந்தக் குழிக்கு அளவெடுத்தாற்போல் ஒரு மேடு. இப்படித் தேய்ந்த பாயிண்டில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தால் தகடு மேட்டின் உச்சியில் முட்டி நிற்கும். உண்மையான இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. "பாயிண்டை மட்டும் மாத்தாதே தம்பி, கண்டென்சரையும் சேர்த்து மாத்து" என்றார் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன். பாயிண்ட் முனைகளைத் தீப்பொறி அரிக்காமல் காப்பது கண்டென்சர். இரண்டையும் மாற்றி, இடைவெளியை 0.38 மில்லிமீட்டரில் நிறுத்தினேன். 0.35-க்கும் 0.40-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

இடைவெளியை முதலில் வைத்துவிட்டுத்தான் டைமிங்கைத் தொட வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகவே திறக்கும், பொறியும் முந்திக்கொள்ளும். வரிசையை மாற்றிச் செய்தால் அத்தனை உழைப்பும் வீண்.

டைமிங் வைப்பதற்கு அரைநாள் ஆயிற்று. பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பி சறுக்கிக்கொண்டே இருந்தது. உச்சிக்கு அருகில் பிஸ்டன் மிக மெதுவாகத்தான் நகரும், அந்த 0.8 மில்லிமீட்டருக்குள் கிராங்க் (பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டு) ஏறக்குறைய பத்து டிகிரி சுற்றிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுத்தேன். பாயிண்ட் திறக்கும் கணத்தைக் காட்டிக்கொடுத்தது ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள, மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டர். சாவியைத் திருப்பி வைத்திருந்தால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். திறந்ததும் நடுவுக்கு வந்துவிடும். அந்தச் சின்ன அசைவுக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தது இன்னமும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை ஒரே மிதியில் வண்டி கிளம்பியது. நல்ல பிள்ளையாகக் கடைத்தெரு வரைக்கும் போனது. காய்கறி வாங்கிவிட்டு வந்து மிதித்தேன். திருப்பி அடித்தது.

விடையை அப்பாதான் சொன்னார். அடுத்த ஞாயிறு நான் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, வாசலில் வண்டியை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "போகும்போது நிதானமாக இருந்தது, இப்போது சத்தம் அவசரப்படுகிறது" என்றார். அவர் சொன்ன பிறகுதான் என் காதிலும் விழுந்தது. த்ரோட்டிலைத் தொடாமலேயே ஐட்லிங் (நின்றபடி ஓடும் வேகம்) ஏறியிருந்தது. பொறி முந்திக்கொண்டால் அப்படி ஏறும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தட்டுக்கு அடியில் இரண்டு சிறு எடைகள் இருக்கின்றன. எஞ்சின் வேகம் கூடக்கூட அவை வெளியே விரிந்து பொறியை முன்னுக்குத் தள்ளும். வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கேமை விரலால் திருகி விட்டால் அது வெடுக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். என் வண்டியில் பாதி வழியிலேயே சோம்பி நின்றுவிட்டது. பழைய கிரீஸ் இறுகிக் கோந்தாகியிருந்தது. ஒரு ஸ்பிரிங்கும் நீண்டு தொய்ந்திருந்தது. ஓடிவிட்டு நின்ற வண்டியில் எடைகள் விரிந்தபடியே சிக்கிக்கொண்டு, அடுத்த மிதியை எதிர்த்திருக்கின்றன. குளிர்ந்த வண்டியில் நான் டைமிங் வைத்தபோதோ அவை ஒழுங்காக உள்ளே இருந்தன.

சென்னையிலிருக்கும் மைத்துனர் ஜி.பி. ரோட்டில் ஸ்பிரிங் ஜோடி வாங்கி அனுப்பினார். மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, எடைகள் சுழலும் முளைகளில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். பிறகு மறுபடியும் இடைவெளி, மறுபடியும் டைமிங்.

கையோடு, வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியையும் பார்த்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது, வால்வுக்கு அசைவைக் கடத்தும் புஷ்ராட் கம்பியை இரண்டு விரலால் உருட்டினால் தடையில்லாமல் உருள வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் கொஞ்சம் ஆடியது, அதையும் சரிசெய்தேன்.

நேற்று மாலை இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு நிறுத்தினேன். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு மிதி. முதல் மிதியிலேயே பிடித்துக்கொண்டது. அப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, டேங்கில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். டேப்பட் மூடியில் எண்ணெய் கசிகிறது. அதற்குப் புதிய கேஸ்கெட் சொல்லியிருக்கிறேன்.