கெர்னல் மாறியதும் வைஃபை உறைகிறதா? சுவரைத் திட்டுமுன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் நெட் நின்றால் முதல் பழி சுவர் மேல்தான் விழும். அதில் நியாயமும் உண்டு. ரவுட்டர் முகப்பில் இருக்கும். தெருவிலிருந்து கேபிள் அங்கேதான் இறங்குகிறது. படிக்கிற பிள்ளை மடிக்கணினியோடு வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். நடுவில் வளவு என்னும் முற்றம், அதைச் சுற்றி அறைகள், எல்லாம் செங்கலும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர். ஆனால் அந்தச் சுவர் போன வாரமும் அங்கேதான் நின்றது. லினக்ஸ் கெர்னல் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) புதுப்பித்த மறுநாளிலிருந்து வைஃபை உறைகிறதென்றால் கெர்னலைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

கீழே சொல்வது லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04-ஐ வைத்து. கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன்; டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

உறைந்தது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் விளக்கு மாறுகிறதா? மாறினால் கணினி உயிரோடு இருக்கிறது, வைஃபை மட்டும் போயிருக்கிறது. மாறாவிட்டால் கெர்னலே நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்காதீர்கள், டிஸ்க்கில் இருக்கும் கோப்புகள் கெடலாம். ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்க்ரீனையும் பிடித்தபடி எஸ், யு, பி என்று சில விநாடி இடைவெளி விட்டு அழுத்துங்கள். டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு, கோப்பு முறைமையைப் பூட்டிவிட்டு, கணினி மறுபடி ஏறும் (தொடங்கும்). உபுண்டுவில் இயல்பாக இந்த மூன்றுக்கும் அனுமதி உண்டு.

வைஃபை மட்டும் போகிறதென்றால் 'ஐபி ரூட்' கட்டளை காட்டும் ரவுட்டர் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பார்க்கும் கட்டளை) போட்டு ஓடவிடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 மாதிரி இருக்கும். வெளியே இருக்கிற தளத்துக்குப் போட்டால் கோளாறு ரவுட்டருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் போகும். இப்போது எண்களைக் கவனியுங்கள். 3 மில்லிவிநாடி, 4 மில்லிவிநாடி என்று வந்துகொண்டிருந்தது சட்டென்று நிற்கும். ஐந்தாறு விநாடி ஒன்றும் வராது. பிறகு மொத்தமாக ஒரே மூச்சில் 5,020, 4,018, 3,015, 2,012, 1,009 என்று படிக்கட்டாக இறங்கி வரும். விநாடிக்கு ஒன்றாக அனுப்பிய பொட்டலங்கள் எங்கோ வரிசையில் தேங்கிக் கிடந்து, ஒரே நேரத்தில் விடுபட்டதற்கு அடையாளம் இது. வைஃபை அட்டை மின்சிக்கனத்துக்காகத் தூங்கப் போய், நேரத்துக்கு எழவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால் கதை வேறு: ரவுட்டரிடமிருந்து பதிலே இல்லை, இணைப்பு அறுந்திருக்கிறது.

கணினி நின்ற அதே இடத்தில் அப்பத்தாவின் போனை வைத்து ஒரு வீடியோ ஓடவிடுங்கள். அதுவும் நின்றால் ரவுட்டரைப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ரவுட்டர் அணைந்து ஏறுவது நம் பக்கம் சாதாரணம். அது 5 கிகாஹெர்ட்ஸில் ராடாரோடு பகிரும் சேனலில் இருந்தால், ஏறிய பின்னும் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும்.

போன் ஓடி, மடிக்கணினி மட்டும் நின்றால் அடுத்த வேலை பழைய கெர்னல். அமைப்பு எதையும் தொடுமுன் இதைச் செய்யுங்கள். மறுதொடக்கத்தில் எஸ்கேப் விசையைத் தட்டினால் (பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டைப் பிடித்திருந்தால்) எதில் ஏறுவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே முந்தைய கெர்னல் இருக்கும். அதில் ஏறி, 'யுனேம் -ஆர்' போட்டு எண்ணை உறுதிசெய்து, அதே அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் உறைந்துகொண்டிருந்தது என்றால் அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும். இடம் மாறி உட்கார்ந்து சோதித்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை. வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் சிக்னல் -60-லிருந்து -78 டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையின் அலகு) விழுந்துவிடலாம். 'ஐடபிள்யூ டெவ்' என்று தட்டி, அட்டையின் பெயரைப் போட்டு, 'லிங்க்' சேர்த்தால் இந்த எண் தெரியும். -67 வரை கவலையில்லை. -75-க்கும் கீழே இறங்கினால் எந்தக் கெர்னலும் தடுமாறும்.

பழையதில் ஓடி, புதியதில் நிற்கிறதென்றால் வழக்கு பாதி முடிந்தது.

வைஃபை அட்டை தனியாக வேலை செய்வதில்லை. அட்டையை இயக்க கெர்னலில் இருக்கும் டிரைவர் ஒன்று, அட்டைக்குள்ளேயே ஏற்றப்படும் மென்பொருளான ஃபர்ம்வேர் இன்னொன்று. ஃபர்ம்வேர் தனி மென்பொருள் தொகுப்பாக லிப் அடைவின் உள்ளே கிடக்கும். இன்டெல் டிரைவர் தனக்குத் தெரிந்த உயர்ந்த எண்ணுள்ள கோப்பைத் தேடி, இல்லாவிட்டால் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். புதுக் கெர்னலுக்கு இன்னும் உயர்ந்த எண் தெரியும் என்பதால், நீங்கள் ஃபர்ம்வேரைத் தொடாமலேயே வேறு ஃபர்ம்வேர் ஏறிவிடலாம். இரண்டு கெர்னலிலும் 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்ற வரியை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கெர்னல் எழுதிவைத்த பதிவு வரிகளை எடுப்பது 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1'. கடைசியில் இருக்கும் -1, முந்தைய ஏற்றத்தின் பதிவைக் காட்டச் சொல்கிறது. இன்டெல்லில் 'மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர் டிடெக்டட்' என்று வந்தால் ஃபர்ம்வேர் விழுந்து எழுகிறது. ரியல்டெக்கில் 'ஃபெயில்டு டு லீவ் எல்பிஎஸ் ஸ்டேட்' என்றால் அட்டை தூக்கத்திலிருந்து எழவில்லை. மீடியாடெக்கில் 'மெசேஜ்' என்று ஒரு எண்ணும் 'டைம்அவுட்' என்ற சொல்லும் சேர்ந்து வரும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சாதாரணச் செய்திகளை ஜர்னல் (பதிவுகளைச் சேமிக்கும் சேவை) 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் டிஸ்க்கில் உறுதியாகப் பதிக்கும். கணினி முழுதாக உறைந்தால் நமக்கு வேண்டிய அந்தக் கடைசி வரிகள்தான் காணாமல் போகும். சோதனை நடக்கும் நாளில் மட்டும் ஜர்னல் அமைப்பில் 'சிங்க்இன்டர்வெல்செக்' மதிப்பை 5 விநாடியாக்குங்கள். கூடவே ஒரு டெர்மினலில் 'டிமெசேஜ்' (எழுத்து டி-எம்-இ-எஸ்-ஜி) கட்டளையைச் சிறிய -டபிள்யூவோடு திறந்து வைத்திருந்து, உறைந்ததும் திரையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அட்டை எது, டிரைவர் எது என்று 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' சொல்லும். 'கெர்னல் மாட்யூல்ஸ்' (கெர்னலில் தனியாக ஏறும் டிரைவர் துண்டுகள்) வரியில் இரண்டு பெயர் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். ரியல்டெக் 8821சிஇ அட்டைக்கு முன்பெல்லாம் வெளியிலிருந்து டிரைவர் இறக்கி, ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் அதை மறுபடி கட்டித் தரும் டிகேஎம்எஸ் வழியாகப் போட்டார்கள். 5.9 கெர்னலிலிருந்து ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவர் அதற்கு உள்ளேயே வந்துவிட்டது. பழையதை எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் எது முந்தும் என்று சொல்ல முடியாது. ஒன்றை நீக்குங்கள், அல்லது பிளாக்லிஸ்ட் செய்து ஏறவிடாமல் தடுங்கள்.

ஒரே டிரைவர்தான் என்றால் மின்சிக்கனத்தில் தொடங்குங்கள். ஈடிசி அடைவில் நெட்வொர்க்மேனேஜரின் 'கான்ஃப்.டி' உள்ளே 'டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்' என்ற கோப்பு இருக்கும். அதில் 3 என்றிருப்பதை 2 ஆக்கி, நெட்வொர்க்மேனேஜரை மறுதொடக்கம் செய்யுங்கள். பிங் படிக்கட்டு மறைந்தால் அதோடு விடுங்கள். மறையாவிட்டால் அட்டைக்கும் மதர்போர்டுக்கும் நடுவே இருக்கும் பிசிஐ இணைப்பின் தூக்கத்தை, அதாவது ஏஎஸ்பிஎம்மை, அணைக்க வேண்டும். 'மோட்புரோப்.டி' அடைவில் ஒரு கோப்பு போட்டு, 'ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கி, ஆர்டிடபிள்யூ88_பிசிஐ அல்லது எம்டி7921இ என்று உங்கள் மாட்யூலின் பெயரை எழுதி, டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=1 சேருங்கள். ரியல்டெக்குக்கு ஆர்டிடபிள்யூ88_கோர் மாட்யூலில் டிசேபிள்_எல்பிஎஸ்_டீப்=1 என்று ஆழ்ந்த தூக்கத்தையும் நிறுத்தலாம். இன்டெல்லுக்கு ஐடபிள்யூஎல்எம்விஎம் மாட்யூலில் பவர்_ஸ்கீம்=1. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுச் சரியானால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. பேட்டரியும் வீணாகக் கரையும்.

கெர்னல் வரியிலேயே 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' போடச் சொல்லும் யோசனையைப் பல இடத்தில் பார்ப்பீர்கள். அது வைஃபை அட்டையோடு நிற்காமல் கணினி முழுவதையும் பாதிக்கும். மாட்யூல் அளவிலேயே முடிகிற காரியத்துக்கு அது வேண்டாம் என்பேன்.

எதுவும் கேட்கவில்லையா? பழைய கெர்னலிலேயே இருங்கள். 'ஏபிடி-மார்க் ஹோல்டு' போட்டு 'லினக்ஸ்-ஜெனரிக்' குடும்பத்து மென்பொருள் தொகுப்புகள் புதுப்பிக்கப்படாமல் நிறுத்தி வையுங்கள். எச்டபிள்யூஇ (புதிய வன்பொருளுக்கான கெர்னல்) வரிசையில் இருந்தால் பெயரின் கடைசியில் அதுவும் வரும். தேவையற்றதைத் தானாக நீக்கும் 'ஆட்டோரிமூவ்' ஓட்டுமுன் அது எதை நீக்கப்போகிறது என்று படியுங்கள், நல்ல கெர்னல் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களும் இதனால் நிற்கும் என்பதால் மாதக்கணக்கில் இப்படியே விடக் கூடாது.

அந்த இடைவெளியில் புகாரைப் பதியுங்கள். நல்ல கெர்னலின் கடைசி எண், கெட்டதன் முதல் எண், 'எல்எஸ்பிசிஐ' சதுர அடைப்புக்குள் காட்டும் அட்டையின் அடையாள எண், பதிவு வரிகள். இந்த நாலும் வேண்டும். ஒரு பெரிய பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் நுழைகின்றன. பாதி பாதியாக வெட்டித் தேடினால் பதினாலு சோதனைக்குள் ஒன்றைப் பிடிக்கலாம். ஆனால் இரண்டு முனையும் தெரிந்தால்தான் வெட்டவே முடியும். உங்கள் இரண்டு எண்களுக்கு அவ்வளவு விலை.

நெட் இல்லாமல் இதையெல்லாம் இறக்குவது எப்படி என்றால், போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள். தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது.

திருத்திய கெர்னல் வந்ததும் ஹோல்டை எடுத்து, மோட்புரோப்.டி-யில் போட்ட கோப்பையும் நீக்கிவிட்டு, இரண்டாம் கட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் பிங் ஓட்டிப் பாருங்கள்.