பால்டிமோரில் பக்கத்து வீட்டு அம்மா எழுதச் சொன்னது

2023 மார்ச்சில் மதுரையிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்கு வந்து சேர்ந்தோம். கணவருக்கு இங்கே ஆராய்ச்சி வேலை. ஒட்டி ஒட்டிக் கட்டிய ரோ ஹவுஸ் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. வாசலில் மூன்று வெள்ளைப் பளிங்குப் படிகள். பக்கத்து வீட்டு அம்மா தன் வாசல் படிகளைச் சனிக்கிழமை காலையில் தேய்த்துக் கழுவுவார். வாசல் தெளித்துக் கோலம் போடும் என் அம்மா கண்முன் வந்து நிற்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் என்னை ‘ஹன்’ என்பார், நம் ஊர் ‘கண்ணு’ மாதிரி. நான் ‘மேம்’ என்பேன்.

அந்த அக்டோபரில் அவருடைய தம்பி இறந்தார். வயது 62. முதியோர் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருந்தவர். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று வளர்ந்தவள் நான். எலுமிச்சைச் சாதம் கிளறி எடுத்துக்கொண்டு போனேன். அன்றுதான் முழுக்கதையும் சொன்னார். தம்பிக்கு இளவயதில் ஹெராயின் பழக்கம். விட்டும் தொட்டும் பல வருஷம் ஓடிவிட்டது. இப்போது தெருவில் விற்கும் போதைப்பொருளில் ‘ஃபென்டனில்’ என்ற செயற்கை வலி மருந்து கலந்து வருகிறது. அது ஹெராயினைவிட ஐம்பது மடங்கு வீரியம். மூச்சு நின்றுவிடும். மூக்கில் அடிக்கும் நலோக்சோன் மருந்தை அந்த நிமிடத்தில் கொடுத்தால் மூச்சைத் திருப்பிவிடலாம். அன்று பக்கத்தில் ஆள் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைத்தேன். ஆனால் ஆறு வருஷத்தில் இந்த நகரத்தில் ஏறக்குறைய 6,000 பேர் இப்படி இறந்திருக்கிறார்கள் என்று 2024-இல் பத்திரிகைகள் எழுதின. ஐம்பதுகளின் நடுவிலிருந்து எழுபதுகள் வரை வயதுள்ள கறுப்பின ஆண்கள் மக்கள்தொகையில் 7 சதவீதம்தான். இறந்தவர்களிலோ கிட்டத்தட்ட 30 சதவீதம். அந்தத் தம்பி அவர்களில் ஒருவர்.

அதே வருஷம் செட்டில்மென்ட் பணம் வந்தது. ஹெராயின் வகையைச் சேர்ந்த, பழக்கத்துக்கு அடிமையாக்கும் வலி மாத்திரைகளை அளவில்லாமல் ஊருக்குள் இறக்கிவிட்டதாக மருந்து நிறுவனங்கள் மீது நகரம் 2018-இலேயே வழக்குப் போட்டிருந்தது. தேசிய அளவிலான சமரசத்தில் சேராமல் தனியாகவே நின்றது. ஆலர்கன், கார்டினல் ஹெல்த், சிவிஎஸ், வால்கிரீன்ஸ், டேவா என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்ததில் 40 கோடி டாலருக்கு மேல் தேறியது. மீதமிருந்த இரண்டு நிறுவனங்கள் 26.6 கோடி கட்ட வேண்டும் என்று நவம்பரில் ஜூரி சொன்னது. அதை மறு வருஷம் நீதிபதி சுமார் 5.2 கோடியாகக் குறைத்தார். அந்தச் செய்தி கேட்டு பக்கத்து வீட்டு அம்மா அழவில்லை. படியை மட்டும் ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சரி, வந்த பணத்தை என்ன செய்வது? மேயர் பிராண்டன் ஸ்காட் ஓர் உத்தரவு போட்டு, அதைத் தனி நிதியாக வைத்தார். போதையின் பாதிப்பை நேரில் அனுபவித்தவர்களும் இருக்கும்படி ஓர் ஆலோசனைக் குழுவும் அமைந்தது. தனியாக எடுத்து வைத்தது முக்கியம் என்று நினைக்கிறேன். 1998-இல் புகையிலை நிறுவனங்கள் 46 மாநிலங்களுக்கு 25 வருஷத்தில் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அதில் பெரும்பகுதி புகைப்பதை நிறுத்த உதவவில்லை. பட்ஜெட் ஓட்டையை அடைக்கவும் ரோடு போடவும் போனது. இது செத்தவர்கள் பெயரில் வந்த பணம். அதில் ரோடு போடக் கூடாது.

மக்களிடம் கருத்துக் கேட்க 2025 கோடையில் கூட்டங்கள் நடந்தன. “கூட வர்றியா ஹன்?” என்றார் பக்கத்து வீட்டு அம்மா. வாக்குரிமை இல்லாத எனக்கு அங்கே என்ன வேலை என்று தயங்கினேன். ஊரில் கிராம சபைக்குத் தாத்தாவோடு போயிருக்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் முதலில் கையெழுத்தை வாங்கிவிட்டு, அப்புறம்தான் என்ன தீர்மானம் என்று வாசிப்பார்கள். தாத்தா கையெழுத்துப் போட மறுத்து எழுந்து வந்த ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சந்தேகத்தோடுதான் போனேன்.

இங்கே வாசலில் யாரும் குடியுரிமை கேட்கவில்லை. வட்ட மேசைகள், சுவரில் பெரிய காகிதங்கள். சிகிச்சை மையம் மதியத்தோடு மூடிவிடுகிறது, வேலைக்குப் போகிறவன் எப்போது வருவான் என்று ஒருவர் கேட்டார். சிகிச்சை முடிந்து வெளியே வந்தால் தங்க இடமில்லை என்றார் இன்னொருவர். மகனை இழந்த ஒரு தாய் பேச எழுந்து, பேச முடியாமல் உட்கார்ந்தார். அந்த அமைதியைக் கலைக்காமல் எல்லோரும் காத்திருந்தார்கள்.

எங்கள் மேசையில் கருத்துச் சீட்டு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மூட்டு வாதம், பேனா பிடிக்க வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “முதியோர் குடியிருப்பில் ஒவ்வொரு மாடியிலும் நலோக்சோன் பெட்டி வேண்டும். தீயணைப்பான் மாதிரி கைக்கு எட்டுகிற இடத்தில். அப்புறம், தினமும் ஒரு முறை கதவைத் தட்டிப் பார்க்க சம்பளத்துக்கு ஓர் ஆள்.” எழுதி முடித்ததும், “உனக்கு என்ன வேணும், அதையும் எழுது” என்றார். அதே வரியின் கீழ் ‘இதையே நானும் கேட்கிறேன்’ என்று எழுதினேன்.

சீட்டைக் கொடுக்கும் முன் போனில் படம் எடுக்கச் சொன்னார். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், தம்பி படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. செலவுக் கணக்கு எப்போது வெளிவந்தாலும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் இரண்டு பேரும் படிப்போம்.