அறுவைக்குப் பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள்

மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை. நாள்தோறும் கையெழுத்தாகும் முடிவுகளில் பெரும்பாலானவை சர்க்கரை, கிரியாட்டினின் என்று வழக்கமானவை. மீதியில் ஒரு பகுதி, டியூமர் மார்க்கர் என்று எல்லோரும் சொல்லும், புற்று இருப்பதை உணர்த்தக்கூடிய புற்றுநோய்க் குறிப்பான்கள். வாரத்தில் ஒரு நாள் அறுவை மருத்துவர்களும் கீமோ, கதிர்வீச்சு மருத்துவர்களும் திசுக்களைச் சோதிக்கும் பேத்தாலஜி நிபுணர்களும் ஸ்கேன் நிபுணர்களும் கூடி ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் முடிவெடுக்கும் டியூமர் போர்டில் ஒரு மூலையில் நானும் உட்கார்ந்திருப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒருவருடைய ரத்தத்தில் சிஇஏ (CEA) என்ற குறிப்பானின் அளவு பேச்சுக்கு வந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது 40-ஐத் தாண்டியிருந்தது. சிஇஏ கூடினால் முதலில் பெருங்குடலைத்தான் சந்தேகிப்பார்கள் என்பதால் கொலோனோஸ்கோபி செய்திருந்தார்கள்; சுத்தமாக இருந்தது. இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், வயிற்றை சிடி ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. பரிசோதனையில் பிழையோ என்று மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். இந்த முறை எண் இன்னும் சற்று ஏறியிருந்தது. நான் அதைத் திரையில் காட்டி முடித்ததும், அதுவரை பேசாமல் இருந்த மூத்த அறுவை மருத்துவர் இளையவரைப் பார்த்து, "ஏம்பா, கழுத்தைத் தொட்டுப் பார்த்தியா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. மறுநாள் தைராய்டின் வலப் பாதியில் ஒரு கடினமான முடிச்சு கைக்குத் தட்டுப்பட்டது. கால்சிடோனின் அளவு ஆயிரக்கணக்கில் வந்தது. மெடுல்லரி தைராய்டு புற்றுநோய். தைராய்டில் கால்சிடோனினைச் சுரக்கும் சி செல்களில் எழும் இந்தப் புற்று, சிஇஏ என்ற புரதத்தையும் சேர்த்தே ரத்தத்தில் விடும். விடை கழுத்தில் இருக்க, நாங்கள் இரண்டு மாதம் வயிற்றைத் தேடிக்கொண்டிருந்தோம்.

சிஇஏயின் கதையே ஏமாற்றத்தில் தொடங்கியதுதான். 1965-ல் மான்ட்ரியாலில் ஃபில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் பெருங்குடல் புற்றிலும் கருவில் வளரும் குழந்தையின் குடலிலும் இருக்கும் இந்தப் பொருளைக் கண்டறிந்தபோது, ஒரு சொட்டு ரத்தத்தில் குடல் புற்றைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அது நிலைக்கவில்லை. புகை பிடிப்பவர்களுக்கு இது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். கல்லீரல் நோயிலும் குடல் அழற்சியிலும் ஏறும். மறுபுறம், ஆரம்ப நிலைப் புற்று உள்ள பலருக்கு ஏறவே ஏறாது. ஆகவே நோயே இல்லாதவர் "எதற்கும் பார்த்துவிடலாம்" என்று இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதில் பயன் இல்லை. வீண் கவலையும் தேவையற்ற ஸ்கேன்களும்தான் மிஞ்சும். முழு உடல் பரிசோதனைப் பட்டியல்களில் இன்னும் இதைச் சேர்த்து விற்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இதே சோதனை அறுவை முடிந்தபின் வேறொன்றாகிவிடுகிறது. பெருங்குடல் புற்றுக்குக் கட்டி உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதில்லை; அதற்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்களோடும் நிணநீர்க் கணுக்கள் பொதிந்த கொழுப்பு மடிப்போடும் சேர்த்து எடுப்பார்கள். குறைந்தது 12 கணுக்களையாவது பேத்தாலஜிஸ்ட் பார்த்தால்தான் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெம்பாகச் சொல்ல முடியும். மலக்குடலில், அதைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுதாக எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1982-ல் வலியுறுத்தினார். அதே இடத்தில் புற்று திரும்பி வருவது அதன்பின் வெகுவாகக் குறைந்தது. இப்படிச் சுரக்கும் இடம் முழுவதும் வெளியே போய்விட்டால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் சிஇஏ சில நாட்களுக்கு ஒரு முறை பாதி பாதியாகக் குறைந்து, 4 முதல் 6 வாரங்களில் இயல்பு அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ நோய் மிச்சம் இருக்கிறது என்று எண்ணித் தேட வேண்டும். இறங்கி, ஓராண்டு கழித்து மெல்ல ஏறினால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். அங்கே ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும் இருந்தால் அவற்றையும் அறுத்து எடுக்க முடியும், மீதிக் கல்லீரல் வளர்ந்து ஈடுகட்டிக்கொள்ளும்.

இந்தக் கணக்கெல்லாம் அறுவைக்கு முந்தைய மதிப்பு ஒன்று கையில் இருந்தால்தான் நடக்கும். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனபின் முதல் சிஇஏ அனுப்பி, "2.1 வந்திருக்கிறது, நல்லதுதானே?" என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: முன்பு 60 இருந்து இப்போது 2.1 என்றால் மிக நல்லது. முன்பே 2 இருந்திருந்தால் அந்தக் கட்டி சிஇஏயைச் சுரக்காத ரகம், இந்த எண் இப்போதும் எதையும் சொல்லவில்லை, இனியும் பெரிதாகச் சொல்லாது.

கணையத்தில் சிக்கல் இன்னும் கூடும். 1979-ல் ஹிலாரி கோப்ரோவ்ஸ்கியின் குழுவினர் விவரித்த, கணையப் புற்றின் குறிப்பானான சிஏ 19-9, புரதத்தில் தொங்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. லூயிஸ் என்ற ரத்த வகையைச் சார்ந்தது. நூற்றில் 5 முதல் 10 பேருக்கு அந்தச் சங்கிலியைக் கட்டும் நொதியே கிடையாது என்பதால், கணையம் முழுக்கப் புற்று பரவியிருந்தாலும் அவர்கள் ரத்தத்தில் இது ஏறாது. இதற்கு நேர்மாறாக, பித்தக் குழாய் அடைபட்டாலே, அது வெறும் கல்லாக இருந்தாலும்கூட, இது நூற்றுக்கணக்கிலும் சில சமயம் ஆயிரக்கணக்கிலும் ஏறிவிடும். கணையத் தலையில் கட்டி உள்ளவர் பெரும்பாலும் மஞ்சள் காமாலையோடுதான் வருகிறார். அந்நிலையில் எடுத்த மதிப்பில் எவ்வளவு கட்டியுடையது, எவ்வளவு தேங்கிய பித்தத்துடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அடைப்பை நீக்கி, காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் இறங்கியபின் எடுத்தால்தான் பயன். அப்போதும் மிக அதிகமாக இருந்தால், ஸ்கேனில் தெரியாத சிறு பரவல்கள் வயிற்று உறையில் இருக்கக்கூடும் என்று அறுவை மருத்துவர் முதலில் சிறு துளை வழியாக லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பார். கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்து மூன்று இடங்களில் திரும்ப இணைக்கும் விப்பிள் அறுவையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் மூடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தச் சோதனையில் நானே ஒரு முறை சறுக்கியிருக்கிறேன். விப்பிள் முடிந்து ஓராண்டாக 20-ஐ ஒட்டியே இருந்த ஒருவருக்குத் திடீரென 52 வந்தது. இயல்பின் மேல் எல்லை 37. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். அவசரமாக ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகுதான் உறைத்தது: அதற்கு முந்தைய வாரம் எங்கள் ஆய்வகம் வேறு நிறுவனத்தின் கருவிக்கு மாறியிருந்தது. சிஏ 19-9ஐ ஒவ்வொரு நிறுவனத்தின் கிட்டும் ஒவ்வொரு அளவாகக் காட்டும். ஒன்றின் 20 மற்றொன்றில் இரட்டிப்பாகக்கூட வரலாம். குளிர்பெட்டியில் இருந்த அவருடைய பழைய மாதிரியைப் புதிய கருவியில் ஓட்டினேன், 49 காட்டியது. உடலில் எதுவும் மாறவில்லை. இரண்டு வாரம் அவரும் குடும்பத்தாரும் தூங்காமல் இருந்திருப்பார்கள். அதிலிருந்து, கருவி மாறினால் பழைய மாதிரியையும் புதியதையும் ஒரே நாளில் ஓட்டாமல் நான் கையெழுத்திடுவதில்லை.

தைராய்டுக்கு வருகிறேன். தைராய்டு புற்றில் மிகப் பெரும்பான்மையான பாப்பிலரி வகைக்கும் ஃபாலிகுலர் வகைக்கும் உரிய குறிப்பான் தைரோகுளோபுலின். இதை நல்ல தைராய்டும் சுரக்கும், புற்றும் சுரக்கும். அறுவைக்கு முன் இதைப் பார்ப்பதால் பெரிய லாபம் இல்லை, சாதாரணக் கழலைக்கும் ஏறியிருக்கும். சுரப்பி முழுவதையும் எடுத்து, மிச்சமிருக்கும் செல்களையும் கதிரியக்க அயோடின் கொடுத்து அழித்தபின் நிலைமை அடியோடு மாறுகிறது. இனி அந்த உடலில் தைரோகுளோபுலினைச் சுரக்க நியாயமான இடம் எதுவும் இல்லை. ஆகவே மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமுக்கும் கீழே இருந்தால் நிம்மதி. ஏறிக்கொண்டே போனால் எங்கோ புற்றுச் செல்கள் இருக்கின்றன. இத்தனை தெளிவாகப் பேசும் குறிப்பான் வயிற்றுப் புற்றுகளில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அறுவை மருத்துவர்கள் குறைவாக வெட்டப் பழகப் பழக, இந்தக் குறிப்பானின் குரல் மங்கிக்கொண்டு வருகிறது. சுரப்பி முழுவதையும் எடுத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் கண்டவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோஹர். கழுத்து அறுவையில் மரணத்தை மிகக் குறைத்தவர் அவர். அப்படிப் பிழைத்தவர்களே பின்னாளில் உடல் உப்பி, மனம் மந்தமாகிப் போனதை 1883-ல் அவரே எழுதினார். 1909-ல் நோபல் பரிசு பெற்றார். இன்று சுரப்பிக்கு ஈடாகத் தைராக்ஸின் மாத்திரை இருக்கிறது என்றாலும், குரல்வளை நரம்பும், சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் அளவே உள்ள நான்கு பாராதைராய்டுகளும் முழு அறுவையில் இரு பக்கமும் ஆபத்துக்குள்ளாகின்றன. அறுவை முடிந்த சில மணி நேரத்தில் பாராதைராய்டு ஹார்மோனை அளந்தால், யாருக்குக் கால்சியம் இறங்கி விரல்கள் மரத்துப்போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அதுவும் ஒரு குறிப்பான்தான், புற்றைப் பற்றியதல்ல, கத்தியைப் பற்றியது. இந்தக் காரணங்களால் சிறிய, பரவாத கட்டிகளுக்குப் பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான பாப்பிலரி புற்றை அறுக்காமலே கண்காணிக்கலாம் என்று ஜப்பானின் குமா மருத்துவமனை 1993-லேயே தொடங்கிவிட்டது. அப்படிப் பாதிச் சுரப்பி மீந்தவருக்குத் தைரோகுளோபுலின் 8 வந்தால் அது நல்ல பாதியுடையதா, திரும்பி வந்த புற்றுடையதா என்று அந்த ஒற்றை எண்ணை வைத்துச் சொல்ல இயலாது. சுத்தமான எண் கிடைக்கும் என்பதற்காக எவருடைய சுரப்பியையும் முழுவதுமாக எடுக்கச் சொல்ல மாட்டேன். அங்கே கழுத்து அல்ட்ராசவுண்டை நம்புவதே சரி.

முழுதாக எடுத்தவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். அது சோதனையில் குறுக்கிட்டு எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அவர்களுக்கு அந்த ஆன்டிபாடியின் அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையே குறிப்பானாகக் கொள்கிறோம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் விழுங்கிவிட்டு வருபவர்களிடமும் சில கருவிகள் இதே போல ஏமாறும். இரண்டு நாட்களாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். இதை நோயாளியிடம் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மெடுல்லரி வகையில் குறிப்பான் கத்திக்கு முன்னால் ஓடுகிறது. ரெட் என்ற மரபணுவில் பரம்பரையாக வரும் பிழையின் இடத்தைப் பொறுத்து, குழந்தையின் தைராய்டை எந்த வயதில் எடுக்க வேண்டும் என்றே முடிவு செய்கிறார்கள்: 918-ஆம் கோடான் என்றால் முதல் வயதுக்குள், 634 என்றால் 5 வயதுக்குள். அத்தகையவருக்கு வயிற்றில், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியில், ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியும் இருக்கலாம். அதைத் தேடாமல் மயக்க மருந்து கொடுத்துவிட்டால் ரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறி மேசையிலேயே உயிர் போகக்கூடும். எனவே கழுத்தைத் தொடும் முன் அந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் அளவைக் கேட்டு எனக்குச் சீட்டு வரும்; இருந்தால் முதலில் வயிறு, பிறகே கழுத்து.

ஒரே மரபணுப் பிழை இடத்துக்கு இடம் வேறு பேச்சுப் பேசுவதையும் சொல்ல வேண்டும். பிராஃப் வி600இ என்ற பிழை பாப்பிலரி தைராய்டு புற்றில் மிகச் சாதாரணம்; அது இருக்கும் பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள். பரவிய பெருங்குடல் புற்றில் அதே பிழை கெட்ட சகுனம். இன்னொரு பக்கம், மிஸ்மேட்ச் ரிப்பேர் என்ற டிஎன்ஏ பழுது நீக்கும் அமைப்பு செயலிழந்த மலக்குடல் புற்றில், குறிப்பான் அறுவையையே தேவையற்றதாக்கியிருக்கிறது: 2022-ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைப் பெற்ற முதல் 12 பேருக்கும் கட்டி முற்றிலும் மறைந்தது. மலக்குடலும் நிரந்தர மலப் பை இல்லாத வாழ்வும் அவர்களுக்கு மிஞ்சின. பயாப்ஸியில் அந்தப் பழுது நீக்கும் அமைப்பின் நான்கு புரதங்களுக்கான சாயம் பூசிப் பார்ப்பதுதான் அதற்கு வேண்டிய சோதனை.

முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் மட்டும் ஆயுள் நீளும் என்று எண்ணிவிடக் கூடாது. சினைப்பைப் புற்றில் சிஏ 125 என்ற குறிப்பான் ஏறியவுடன் கீமோ தொடங்கியவர்களும், அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களும் ஒரே காலமே வாழ்ந்தார்கள் என்று 2010-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. முதல் கூட்டத்தார் கீமோவின் துன்பத்தைச் சில மாதங்கள் முன்னதாக அனுபவித்தார்கள், அவ்வளவே. சிஇஏ கண்காணிப்பும் இதே கேள்விக்கு உட்பட்டதுதான். 2014-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், கண்காணிக்கப்பட்டவர்களில் 6.7 சதவீதத்தினருக்கும், அறிகுறி வந்தால் மட்டும் பார்க்கப்பட்டவர்களில் 2.3 சதவீதத்தினருக்கும் திரும்பி வந்த நோயை குணமாக்கும் நோக்கில் அறுவை செய்ய முடிந்தது. ஆயினும் ஆயுளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. நான் இன்னும் சிஇஏ பக்கம்தான். மீண்டும் அறுக்க வழி இருக்கும் இடத்தில் குறிப்பானைத் தொடர்வதில் பொருள் உண்டு.

அந்தக் கழுத்துக்காரருக்குத் தைராய்டு முழுவதையும், நடுக் கழுத்து, வலப் பக்கக் கணுக்களையும் எடுத்தார்கள். கால்சிடோனின் ஆயிரங்களிலிருந்து 30-க்கு இறங்கி நின்றுவிட்டது, சுழியத்துக்குப் போகவில்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் மீண்டும் அறுக்கவில்லை. இந்த நோயில் அந்த அளவு எத்தனை மாதத்தில் இரட்டிப்பாகிறது என்பதே முக்கியம். ஆறு மாதத்துக்குள் என்றால் கவலை, இரண்டு ஆண்டுக்கும் மேல் என்றால் காத்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவருடைய ரத்த மாதிரி வருகிறது. 31, 29, 33, 32. ஒரே கருவியில், முந்தைய மாதிரியையும் பக்கத்தில் வைத்து ஓட்டுகிறேன். சிஇஏ 3-ல் நிற்கிறது. அடுத்தது வரும் மாதம்.