வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை: வரிக்கணக்கில் கழியும் செலவு, கழியாத செலவு

விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி, ஐடிஆர்-4 எனும் சுகம் வரிக்கணக்குப் படிவத்தோடு முடித்துக்கொள்ளும் வசதி வீட்டில் தையல், மசாலாப்பொடி, கேக் செய்பவர்களுக்கு உண்டு. இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு இல்லை. கமிஷன், தரகு வருமானத்தை, இந்த வசதியைத் தரும் 44ஏடி பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. (இந்தப் பிரிவு எண் 1961 வருமான வரிச் சட்டத்தில் உள்ளது, 2025-26 நிதியாண்டு வரை இதுதான்.) ஆகவே ஐடிஆர்-3 படிவம்தான் போட வேண்டும், உண்மையான செலவுகளைக் கணக்கு வைத்துக் கழிக்க வேண்டும். புதிய வரி முறையில் 80சி (சேமிப்புக்கான கழிவு) இல்லையே தவிர, தொழில் செலவு கழியும். இது தெரியாமல் நியாயமான கழிவை விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வாடகை வீடு 600 சதுர அடி, ஆபீஸ் வேலைக்கென்றே ஒதுக்கிய அறை 120 சதுர அடி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. மாத வாடகை 12,000 ரூபாயில் 2,400, வருடத்துக்கு 28,800. ஹால் மூலையில் மேசை போட்டுவிட்டு முழு ஹாலையும் சேர்த்தால், கேள்வி வரும்போது நிற்காது. சொந்த வீடென்றால் தனக்குத்தானே வாடகை எழுத முடியாது. அப்பா பெயரில் வீடு இருந்தால் வாடகையை நிஜமாகவே அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், அவரும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்.

போன், பெட்ரோலில் தொழிலுக்கான பங்கு மட்டும். எந்தத் தேதி, எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு டைரியில் எழுதி வாருங்கள். வெறும் பெட்ரோல் பில் போதாது.

50,000 ரூபாய் லேப்டாப்புக்கு 40 சதவீதத் தேய்மானம். டிசம்பரில் வாங்கினால் அந்த நிதியாண்டில் 180 நாள் தேறாது. பாதிதான், 10,000 ரூபாய்.

புத்தாண்டுக் காலண்டர் அச்சடித்த செலவு தாராளமாகக் கழியும். ஆனால் அச்சகத்துக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை முழுவதும் கழியாமல் போகும்.

வாடிக்கையாளரின் முதல் பிரீமியத்தைத் தன் கமிஷனிலிருந்து கட்டிவிட்டு, அதைச் செலவாகக் காட்டுவது கூடவே கூடாது. 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு அந்தத் தள்ளுபடியைத் தடை செய்கிறது. சட்டம் தடுத்த காரியத்துக்கான செலவை வருமான வரி ஏற்காது.

வரவை எழுதும்போது பாஸ்புக்கைப் பார்க்காதீர்கள். அதில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வரி) போக மீதிதான் இருக்கும். பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் உள்ள மொத்தக் கமிஷனை எழுதி, பிடித்த 2 சதவீதத்தைக் கட்டிய வரியாகக் காட்டுங்கள். வரி அதைவிடக் குறைவென்றால் மீதி ரீஃபண்டாக வரும்.