ஏழு பேரும் ஒரு சோடாக் கடையும்

கல்லூரி பாண்டில் ட்ரம்பெட்டும் டிரம்ஸும் சுமந்தவர்கள் இந்த மலரைப் படிப்பீர்கள் என்ற துணிவில், அயர்லாந்தின் ரோயல் ஷோபாண்ட் என்ற நடன இசைக்குழு பற்றி எழுதுகிறேன். வோட்டர்ஃபோர்ட் நகரத்தில் 1957இல் சேர்ந்த ஏழு பேர். 1959இல் முழுநேரக் குழுவானார்கள்.

அதற்கு முந்திய நடனக் குழுக்கள் இசைத்தாள் தாங்கிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தே வாசித்தன. ஸ்ட்ரபேன் ஊரின் கிளிப்பர் கார்ல்டன் குழுதான் எழுந்து நின்று ஆடிப் பாடிக் காட்டியது. இப்படிப்பட்ட குழுக்களைத்தான் ஷோபாண்ட் என்றார்கள். ரோயலும் அந்த வழிதான். சாக்சபோன், ட்ரம்பெட், ட்ரொம்போன் மூன்றும் ஊத, கிற்றார், பேஸ், பியானோ, டிரம்ஸ் தாங்கிப்பிடிக்கும். ட்ரொம்போன்காரர் பிரெண்டன் போயர்தான் முதன்மைப் பாடகரும். அவர் வாய் திறந்தால் ஊதுகிறவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள். மற்ற இருவரும் அந்த இடைவெளி தெரியாமல் ஊதவேண்டும். பாண்டில் நின்றவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும்.

நடன மண்டபத்தில் ஒரு சுவரோரம் ஆண்கள், எதிரே பெண்கள். மூன்று பாட்டு ஒரு சுற்று. முடிந்ததும் தளம் காலியாகும், அடுத்த சுற்றுக்குத் திரும்பவும் துணை தேடவேண்டும். குடிக்கத் தேநீரும் சோடாவும் மட்டும். மதுவிற்க அனுமதியில்லாததால் மண்டபக்காரரின் வரும்படி நுழைவுச்சீட்டுத்தான். கூட்டத்தை இழுக்கும் குழு வாசல் வசூலில் பங்கு கேட்டு வாங்கியது. பின்னாளில் பிரதமரான அல்பர்ட் ரேனல்ட்ஸ்கூடத் தமையனோடு சேர்ந்து இத்தகைய மண்டபங்களை வரிசையாக நடத்தியவர்.

ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களான தவசுகாலத்தில் மண்டபங்கள் பூட்டு. குழுக்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறும். 1962 ஏப்ரல் 2, அந்த வருடத் தவசுகாலம். லிவர்பூல் பவிலியன் அரங்கில் ரோயல்தான் பெரிய பெயர். அவர்களுக்குத் துணைக்குழுவாக மேடையேறிய உள்ளூர்ப் பையன்கள் பீற்றில்ஸ்!

1963இல் ‘கிஸ் மீ குயிக்’, 1965இல் ‘ஹக்கிள்பக்’. இரண்டும் அயர்லாந்தில் முதலிடம். இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்த பாட்டுகள். பீற்றில்ஸ் வந்து ஷோபாண்டுகளைக் கவிழ்த்தது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வானொலியில் கேட்டதை அப்படியே வாசிப்பதுதான் இவர்கள் விற்ற சரக்கு. புதுப் பாட்டு வந்தால் அதையும் வாசித்துவிடலாம். அடி வேறிடத்திலிருந்து விழுந்தது. ஹோட்டல்களும் பப்களும் மதுவோடு ஆட்டத்தையும் கொடுக்கத் தொடங்கின. டிஸ்கோவுக்கு ஓர் ஆளும் ஒரு பெட்டி இசைத்தட்டும் போதும். ஏழு பேர் சம்பளத்தைச் சோடாக் கடை எப்படித் தாங்கும்?

ரோயலோ அறுபதுகளின் பிற்பாதியிலிருந்து வருடத்தில் பாதியை லாஸ் வேகஸில் கழித்தது. ஊர் ரசிகர்கள் வேறு குழுக்களுக்குப் பழகிவிட்டார்கள். 1971இல் போயரும் பேஸ் வாசித்த டொம் டன்ஃபியும் பிரிந்து ‘பிக் எய்ட்’ அமைத்தார்கள்.

1975 ஜூலை 29 அன்று, நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் டன்ஃபி கார் விபத்தில் இறந்தார். இரண்டு நாள் கழித்து, வடக்கே, வட அயர்லாந்தின் பான்பிரிட்ஜில் வாசித்துவிட்டு டப்ளின் திரும்பிய மியாமி ஷோபாண்ட் என்ற இன்னோர் அயர்லாந்துக் குழுவின் வாகனத்தை ஆயுததாரிகள் மறித்தார்கள். மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் வடக்கே போய் வாசிக்கத் தெற்குக் குழுக்கள் அஞ்சின.