மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடுங்கள்

மழையில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தும் சில நிமிடம் நினைவில்லை. சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். நானும் மறந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினேன். சம்பிகே ரோட்டைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் போகும்போது நெஞ்சு படபடத்து, உதடு மரத்து, செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். மெஜஸ்டிக்கில் இறங்கி நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இசிஜி நார்மல். அடுத்த வாரமும் அதே கதை. விழுந்ததில் மூளையில் ஏதோ கெட்டுவிட்டது என்ற எண்ணம் அப்போதுதான் பிடித்துக்கொண்டது.

நரம்பு டாக்டரிடம் போகிறேன் என்றதும் அத்தை முகம் மாறிவிட்டது. நிம்ஹான்ஸ் என்பது மனநலத்துக்கும் நரம்புக்கும் பெயர்போன ஆஸ்பத்திரி; பெங்களூரில் ‘நிம்ஹான்ஸுக்குப் போ’ என்பதே ஒரு கேலிதானே. ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்றார்.

டாக்டர் சேலத்துக்காரர். ஃபைலைத் திறக்கும் முன்பே கேள்விகள். எத்தனை நிமிடம் நீடிக்கிறது? நடுவில் நினைவு தப்புகிறதா? இல்லாத வாடை அடிக்கிறதா? வாய் சப்புக்கொட்டுகிறதா? மூளையின் பக்கவாட்டில் இருக்கும் டெம்போரல் லோப் பகுதியில் வலிப்பு வந்தால் அதுவே திடீர்ப் பயமாகத் தெரியலாமாம். அது பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும், ஒவ்வொரு முறையும் அச்சடித்தது போல இருக்கும். எனக்கோ கால் மணி நேரம் ஆகும், எல்லாமே நினைவிருக்கும். இருந்தாலும் மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி, எம்ஆர்ஐ ஸ்கேன் இரண்டும் எழுதினார்.

இஇஜிக்கு ராத்திரி கண்விழித்து வரச் சொன்னார்கள். எண்ணெய் வைக்கக் கூடாது. அம்மா பழக்கத்தில் வைத்துவிட, காலையில் இரண்டு முறை ஷாம்பு. தலை முழுக்கப் பசையும் ஒயரும். மூன்று நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொன்னார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே உதடு மரத்தது, விரல் சுருசுருவென்றது. அதே சுரங்கம்! எழுந்து ஓடப் பார்த்தேன். டெக்னீஷியன் திரையைப் பார்த்தபடி, ‘ஏனூ இல்லா சார், மாடி’ என்று கன்னடத்தில் சொன்னார்: ஒன்றுமில்லை சார், செய்யுங்கள்.

அந்த நேரத்துப் பதிவில் வலிப்பின் அடையாளம் இல்லை. அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, எம்ஆர்ஐயும் நன்றாக இருப்பதால் சொல்கிறேன் என்றார் டாக்டர். ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் தலையில் அடிபட்டவர்களுக்குப் பின்னால் பதற்றம் வருவதுண்டாம். ‘அப்போ என் பயக் கருவி உடையலையா சார்?’ என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அரிய நோயால், மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா இரண்டு பக்கமும் அழிந்தவர். பாம்பைக் கண்டாலும் பயப்படமாட்டார். 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்க வைத்தபோது, அவரும் அலறிப்போனாராம். 2013-இல் வந்த ஆய்வு. பயத்தின் மையம் என்கிற இடமே போன பிறகும் மூச்சுத் திணறலின் பீதி மட்டும் மிச்சமிருந்திருக்கிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மனநல மருத்துவர், மாத்திரை, வாரம் ஒரு கவுன்சிலிங். மாத்திரை வேலை செய்யவே சில வாரம் பிடித்தது. கவுன்சிலிங்கில் கொடுத்த வீட்டுப்பாடம்தான் விசித்திரம்: அந்த உணர்வு பழகிப்போவதற்காக, தினமும் ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விட்டு, உதடு மரக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள் அத்தை கதவைத் தட்டி, ‘என்னடா, ஆஸ்துமாவா?’ என்றார்.

இப்போது தினமும் மெட்ரோதான். சம்பிகே ரோடு வந்தால் சில நாள் இன்னமும் உதடு லேசாக மரக்கும். மெஜஸ்டிக் வருவதற்குள் சரியாகிவிடும்.