73 வயதில் வாண்டா ஜாக்சன்

இன்று மாலை முழுவதும் வாண்டா ஜாக்சனின் 'தி பார்ட்டி எயின்ட் ஓவர்' இசைத்தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓக்லஹோமாவில் 1937ஆம் ஆண்டு பிறந்து, 1955இல் எல்விஸ் பிரெஸ்லியுடன் ஊர் ஊராகச் சென்று பாடி, ராக் அண்ட் ரோல் இசையில் பெண் குரலுக்கு இடம்பிடித்துக் கொடுத்த அவர், 2011 ஜனவரியில் இத்தொகுப்பு வெளிவந்தபோது 73 வயதை எட்டியிருந்தார். தயாரித்தவர், அவரைவிட ஏறத்தாழ 38 வயது இளையவரான ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட்.

இத்தொகுப்பில் உள்ளதுபோல் பிறர் பாடிய பாடல்களை மறுபடி பாடுவது மூத்த கலைஞர்களுக்கு எளிதான வழி என்று சிலர் கருதுகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏமி வைன்ஹவுஸ் 2006இல் பாடிய 'யூ நோ ஐ'ம் நோ குட்' பாடலை, பேத்தி வயதுடைய ஒருத்தியின் வாக்குமூலமாக அல்லாமல், தான் வாழ்ந்து கடந்த தவறுகளை நினைத்துப்பார்க்கும் ஒரு பெண்ணின் குரலாக வாண்டா மாற்றிவிடுகிறார். பாப் டிலனின் 'தண்டர் ஆன் தி மவுன்டன்' பாடலில் அந்தப் பழைய உறுமல் சற்றும் குறையவில்லை.

ஊதுகருவிகள் சில இடங்களில் அவர் குரலை அமுக்குகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இறுதிப் பாடலான ஜிம்மி ராஜர்ஸின் 'புளூ யோடல் எண் 6' தொடங்கும்போது அந்த ஆரவாரமெல்லாம் அடங்கிவிடுகிறது. கிதாரின் மெல்லிய துணையோடு, வயதின் நடுக்கத்தை மறைக்காமல், யோடல் பாணியில் அவர் குரலை உடைத்து மேலேற்றும் அந்தக் கணத்துக்காகவே இதை மீண்டும் மீண்டும் கேட்கிறேன்.